குழாயாக உருட்டிய கடிதம்

பாண்டி,

தபாலில் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், பொங்கித் தின்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் போடும்போது சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நமக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று உனக்கே தெரியும். "சாப்பிட்டியாம்மா" என்பாய். "சாப்பிட்டேன், நீ?" என்பேன். "ம்" என்பாய். அப்பா இருந்தவரைக்கும் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, பிரஸ்ஸில் மெஷின் ஓடுகிறதா, கோயம்புத்தூரில் மழை உண்டா என்று எதையாவது கேட்டுப் பேச்சை இழுத்துக்கொண்டிருப்பார். இப்போது "சரிம்மா, வைக்கவா" என்று நீ சொல்லி வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பேன். நான் சொல்ல வேண்டிய சங்கதி அந்தப் போனுக்குள் அடங்காது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து. நாலு நாளாக, வேலை விட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது. கோணல்மாணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படி.

என் பேத்தி தர்ஷினியைப் பற்றித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் கனகா எனக்குப் போன் பண்ணினாள். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் பிள்ளை தன்னைவிடப் பெரியவர்களை எல்லாம் முந்திவிட்டாள் என்றாள். ஓடுகிற பிள்ளைகளுக்கென்றே விடுதியோடு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ஏழாம் வகுப்புக்கு அங்கே சேர்த்துவிடுகிறேன், இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று அவளுடைய பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார்களாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டாயாம். "நீங்க சொன்னா கேப்பாரு அத்தை" என்று கனகா அழுதாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா, அன்றைக்கு மட்டும்தான் நீ கொஞ்சம் நீளமாகப் பேசினாய். "வாத்தியாருக அப்படித்தாம்மா. ஆசைய மூட்டிவிட்டுட்டு மறந்துருவாக. பிள்ளை வாசலப் பாத்துக்கிட்டே கெடக்கும். நான் கெடந்தேன்ல, அது போதும்" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உன் சயின்ஸ் சார் உன்னை மறக்கவில்லை, பாண்டி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிறது. இன்னும் கை பழக்கத்தில் இரண்டு ஆள் சோற்றுக்கு அரிசி போட்டுவிடுகிறது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் தூக்குவாளியில் கொண்டுபோகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் டி.வி.யைப் போடுவேன். பார்ப்பதற்காக இல்லை, யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா டி.வி.யில் வருகிறவர்களோடு சண்டை போடுவாரே, "ஏலே கிறுக்கா, கதவுக்குப் பின்னாடி நிக்காளே, கண்ணு தெரியல உனக்கு?" என்று. இப்போது அவர்களை வைய ஆள் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள், போகிறார்கள்.

போன புதன்கிழமை காலையிலேயே கோடை மழை இடியும் மின்னலுமாகப் பிடித்துக்கொண்டது. மின்னல் வந்தால் பட்டாசுக் கம்பெனியில் மருந்துப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். கம்பெனி வேனிலேயே எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விஸ்வநத்தம் முக்கில் இறக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா வீட்டில் கரண்டு இல்லை என்று என்னோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் போட்ட நாடகத்தை மத்தியானம் மறுபடி போடுவார்களே, அது ஓடிக்கொண்டிருந்தது. மாமியாருக்குப் பாலில் விஷம் கலந்து வைத்திருக்கிற நாடகம். "கலந்து மூணு வாரமாச்சு, இன்னும் குடிச்ச பாட்டைக் காணோம். பாலு திரிஞ்சே போயிருக்கும்" என்றாள் பேச்சியக்கா.

அன்றைக்குப் பார்த்து மாமியாரும் வரவில்லை, பாலும் வரவில்லை. அந்த வீட்டில் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பாரே, ரிட்டயர் ஆன வாத்தியார் மாமனார், அன்றைய கதை முழுக்க அவர்தான். டவுன் பஸ்ஸில் ஏறுகிறார். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் அவர் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அவன் இவரிடம் படித்தவன். பாதிப் படிப்பில் நின்றுபோனவன். பழைய வகுப்பைக் காட்டுகிறார்கள். அவன் வராமல் போன பிறகும் தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது வாத்தியார் "சுப்பையா" என்று கூப்பிடுகிறார். பிள்ளைகள் "வரல சார்" என்கிறார்கள். மறுநாளும் கூப்பிடுகிறார். பேரை அடித்துவிடுங்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியும் அவர் அடிக்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் பெரியவர் குடையை மறந்துவிட்டு இறங்கிவிடுகிறார். கண்டக்டர் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, "சார், நான் சுப்பையா" என்கிறான். அவர், நல்லா இருக்கியா, எத்தனை பிள்ளை என்று ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்று, வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் "சுப்பையா" என்றார். அவன் டிக்கெட் பையையும் சேர்த்துக் கையைக் கட்டிக்கொண்டு "உள்ளேன் ஐயா" என்றான். அதோடு முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

பேச்சியக்கா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பஸ்ஸு நெறைய ஆள வச்சிக்கிட்டு இவன் ரோட்டுல நின்னு அழுதுக்கிட்டு இருக்கான், டிரைவரு சும்மாவா இருப்பான்?" என்றாள். நான் அழவில்லை. எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றுகொண்டேன். உன் பேரை யார் எத்தனை நாள் கூப்பிட்டார்களோ என்று இருந்தது.

நீ பத்தாவது எழுதி முடித்த கோடையை நினைத்துப் பார். கடைசிப் பரீட்சை அன்றைக்கு, "மார்க் வரட்டும், விருதுநகரில் விடுதியோடு உனக்கு இடம் வாங்கித் தருகிறேன், நானே சொல்லி அனுப்புகிறேன்" என்று சார் சொன்னதாகத் துள்ளிக்கொண்டு வந்தாய். பிறகு காரியாபட்டிக்கு உன் மாமா வீட்டுக்குப் போனாய். போன இடத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டாய். அந்த ஒரு மாதத்தில்தான் நீ இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவும் நானும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மெல்லுகிற சத்தம்தான் கேட்கும். நீ ஜன்னல் கம்பியில் ஒட்டி வைத்துவிட்டுப் போன காந்தத்தை அப்பா பிடுங்குவார், திரும்ப ஒட்டுவார். இரண்டு வருடம் இப்படியா என்று எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

ரிசல்ட் வந்த நாலாம் நாள், உன்னோடு படித்த கீழத்தெருச் சாந்தி வந்தாள். "சயின்ஸ் சார் குடுக்கச் சொன்னாக அத்தை" என்று உன் சயின்ஸ் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அப்போது வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரியாததா, பரீட்சை முடிந்துவிட்டால் இந்த ஊரில் எந்த வீட்டிலும் நோட்டு தங்காது. கணக்கு, வரலாறு எல்லாம் கிழித்துப் பசை தடவிக் கம்பியில் சுற்றிக் குழாயாகிவிடும். உன் நோட்டுகளும் என் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. சார் கொடுத்த நோட்டை விரித்தேன். உள்ளே மடித்த காகிதம் இரண்டு இருந்தது. ஒன்று அச்சடித்த படிவம். இன்னொன்று சார் கையால் எழுதியது.

இத்தனை வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டது, தெரியாமல் உருட்டிவிட்டேன் என்று. தெரியாமல் இல்லை, பாண்டி. எழுத்துக் கூட்டி நாலு வரி படித்தேன். பாண்டியின் பெற்றோருக்கு வணக்கம் என்று முதல் வரி. உங்கள் மகனுக்கு விருதுநகரில் பிளஸ் ஒன் இடம் கிடைத்திருக்கிறது என்று இரண்டாவது. படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் என்று மூன்றாவது. இரண்டு வருடம் விடுதியில் தங்க வேண்டியிருக்கும் என்று நாலாவது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அதைப் படிக்கவில்லை. படித்தால் மனசு மாறிவிடும் என்று எனக்குத் தெரியும். கிழித்தேன், பசை தடவினேன், உருட்டினேன். கடிதம் இரண்டு குழாய், படிவம் மூன்று குழாய். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து குழாய்க் கட்டுகளை எடுத்துக்கொண்டு போனது.

மறுவாரம் நீ ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "சார் எதுவும் சொல்லிவிட்டாகளாம்மா?" என்றாய். "இல்லையே" என்றேன். எட்டு நாள் சாயங்காலம் மினிபஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாய். சார் அந்தப் பஸ்ஸில்தான் வருவார் என்று உனக்கு யார் சொன்னார்களோ. ஒன்பதாம் நாள், "மறந்துட்டாரு போல, சரி விடும்மா" என்று சொல்லிவிட்டு, பிரஸ்ஸில் உருளை துடைக்கிற வேலைக்குப் போனாய். காலண்டர் சீசன் ஆர்டர் அப்போதே தொடங்கியிருந்தது. விரல் இடுக்கில் நீல மையோடு வந்து சோறு தின்றாய். அந்த மை போகவே இல்லை.

இதுவரைக்கும் சொன்னது பாதிதான். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் இருக்கும், சார் நம் வீட்டுக்கு வந்தார். மொபெட்டை வெயிலில் நிறுத்திவிட்டு வாசலில் நின்றே கேட்டார். "என்னம்மா, பையன் சேர வரவே இல்லையே. அந்த இடத்த இன்னும் ரெண்டு நாளைக்குப் பிடிச்சு வச்சிருக்கேன்." நான், "அவனுக்குப் படிப்புல இஷ்டம் இல்ல சார். வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கான்" என்றேன். அவர் நம்பவில்லை. "நான் ஒரு வார்த்தை அவன்கிட்டப் பேசிக்கிடுறேனே" என்றார். "அவன் ஊர்ல இல்ல சார்" என்றேன். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து, ஒரு கையைத் தலைக்கு வைத்து, கதவுக்கு நாலு அடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் பேசின சத்தத்தில் நீ விழித்துவிடுவாயோ என்று, அவர் சொம்பைக் கீழே வைப்பதற்கு முன்பே கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்து, "அந்த வாத்தியான் என் மகன நம்ப வச்சு ஏமாத்திட்டான்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்திருக்கிறேன். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். நீ கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டின அன்றைக்குச் சொல்ல வந்தேன். உன் கல்யாணத்தன்றும் நினைத்தேன். அவருக்கு வயதாகட்டும், கோபம் குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன ஆடியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சொல்ல வேண்டிய ஆளில் ஒருவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீயும் பஸ் ஏறினாய். "எங்கூட வந்திரும்மா" என்று கூப்பிட்டாய். நான் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் வீட்டில் வந்து உட்காருவது?

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் குப்பை அள்ளும்போது, வெடித்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பேச்சியக்காகூட, "என்னத்தத் தேடுத, தங்கத்தத் தொலச்சிட்டியா?" என்பாள். ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு இருக்கும், பாதி வரைந்த பூ இருக்கும். சாருடைய எழுத்து இருக்காது என்று தெரியும். அந்தக் குழாய்களைக் கோத்த சரவெடி எந்த ஊருக்குப் போய் யார் வாசலில் வெடித்ததோ.

நாடகம் பார்த்த அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். சார் ரிட்டயர் ஆகி அங்கேதான் இருக்கிறார். சாந்தியிடம் வழி கேட்டுக்கொண்டு போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரைச் சொல்லி, உன் பேரைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பாண்டியா? பையில காந்தத்தப் போட்டுக்கிட்டுத் தெருமண்ணுல இரும்புத்தூள் எடுத்துக்கிட்டுத் திரிவானே, அந்தப் பயலா?" என்றார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, தர்ஷினி விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் எத்தனை என்பது வரைக்கும் சொன்னேன்.

பிறகு, "அவன் என்னைப் பத்தி என்ன நெனச்சிக்கிட்டிருக்கான்?" என்று கேட்டார். "நீங்க மறந்துட்டீகன்னு சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நானும் ஒரு தப்புப் பண்ணியிருக்கேம்மா. ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒவ்வொரு வகுப்புலயும் அவனத்தான் சொல்லிக்காட்டினேன். இப்படி ஒரு பய இருந்தான், தங்கமான மூளை, வீடு தேடி வந்த இடத்த வேண்டாம்னுட்டு வீணாப் போனான், நீங்க அப்படிப் போயிராதீகன்னு." "அவன் வீணாப் போகல சார். பெரிய மெஷின் ஓட்டுறான். குடிக்க மாட்டான். பொண்டாட்டி பிள்ளைய நல்லா வச்சிருக்கான்" என்றேன். "சரிம்மா" என்றார். அப்புறம், "நான் ஒரு தடவைதான் உங்க வீட்டுக்கு வந்தேன். ரெண்டாந்தடவை வந்திருந்தா நீங்க உண்மையச் சொல்லியிருப்பீகளோ?" என்று கேட்டார். அவரைத் தேற்றுவதற்காகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல சார், சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன். இனிமேல் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று இருந்தது.

என்னை மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, "அவன் பேசினா நான் பேசுவேன். பேசச் சொல்லி நான் கட்டாயப்படுத்த முடியாது. அந்தப் பிள்ளை கையெழுத்துக்குத் தேதி இருக்குல்ல, அத முதல்ல பாருங்க" என்றார்.

அதனால்தான் இந்த அவசரம். பாண்டி, தர்ஷினிக்காகக் காத்திருக்கிற இடம் உண்மையான இடம்தான். அந்த டீச்சர் மறக்கிற டீச்சராகவே இருந்தாலும், நீ போய்க் கேள். பதில் வராவிட்டால் இரண்டாம் தடவை போ. நேரில் போய் நில். யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே, யார் சொல்வதையும் வைத்து முடிவு பண்ணாதே, பெற்ற தாய் சொன்னாலும்கூட. பிள்ளை ஏங்கிப்போவாள் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது. நானும் அதையே உன் நல்லதுக்கு என்று பேர் வைத்துத்தான் செய்தேன். உண்மையில் வெறும் வீட்டுக்குப் பயந்து செய்தேன். நீ இல்லாத இரண்டு வருடத்தைத் தாங்க மாட்டேன் என்று நினைத்து உன்னைப் பிடித்து வைத்தேன். இப்போது நீ ஊரை விட்டுப் போய்ப் பதினாலு வருடம் ஆகிறது. அப்பாவும் இல்லை. அந்த வெறும் வீட்டில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காந்தம் இன்னும் ஜன்னல் கம்பியில் இருக்கிறது. பிள்ளை விடுதிக்குப் போன பிறகு உங்கள் வீட்டில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளை அனுப்பு.

இதைப் படித்த பிறகு நீ ஞாயிற்றுக்கிழமை போன் போடாமல் இருக்கலாம். நானாகப் போட்டு உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். எத்தனை ஞாயிறு ஆனாலும் சரி. கனகாவிடம் மட்டும், கையெழுத்துப் போட்டாயிற்று என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லச் சொல். உன் சாருடைய நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

பாதியிலேயே இதைக் கசக்கி எறியத் தோன்றியிருக்கும். இதுவரைக்கும் வந்திருந்தாயானால், நீ முழுக்கப் படித்துவிட்டாய் என்று அர்த்தம். இனி கிழித்துப் போடுவதானால் போடு. நான் நாலு வரிதான் படித்தேன்.

அம்மா